பாதிக் குழாய்

அண்ணாச்சி, அந்த மூலையைக் கொஞ்சம் உசத்திப் பிடிச்சுக்கிறீங்களா? ஆமா, ஓட்டு வீடு இருக்கிற மூலைதான். உங்க மடியில வச்சா ஒண்ணும் கனம் தெரியாது, எல்லாம் தெர்மகோல். பஸ் குலுங்குறப்ப அந்த மரத்தை மட்டும் பாத்துக்கிடுங்க. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுல செஞ்சது, ஒட்டு இன்னும் சரியா காயல. குழாய் உங்க முழங்காலை இடிக்குதோ? இந்தா, என் பக்கம் சாய்ச்சு கம்பியோட சேத்துக் கட்டிடுறேன். ஆறடிக் குழாய், பஸ்ஸுல கொண்டுபோற சாமானா இது?

என்னன்னு கேக்கிறீங்களா? மழைநீர் சேகரிப்பு. சும்மா பொம்மைன்னு நினைச்சுராதீங்க, வேலை செய்யும். கீழ இந்தத் தொட்டியில ரெண்டு கேன் தண்ணி ஊத்தி சுவிட்சைப் போட்டா, மோட்டார் இழுத்து இந்தக் குழாய் வழியா மேல ஏத்தும். உச்சியில ஓட்டை போட்ட தகர டப்பா. அதுல இருந்து மழையா கொட்டும். கூரையில விழுந்து, வாய்க்கால்ல ஓடி, இந்தா இந்தக் குழிக்குள்ள இறங்கி, திரும்பத் தொட்டிக்கே வந்துரும். கரண்ட் இருக்கிற வரைக்கும் மழைதான்.

நான் வாத்தியாரு. ஆலடிப்பொட்டல் பள்ளிக்கூடத்துல சயின்ஸ் எடுக்கிறேன். பேரு சோலையப்பன். இன்னைக்கு விருதுநகர்ல மாவட்ட அறிவியல் கண்காட்சி, அதுக்குத்தான் போறேன். பள்ளிக்கூடத்துல வேன் ஏற்பாடு பண்ணலையான்னு கேப்பீங்க. பண்ணாங்க. காலையிலேயே போயிருச்சு. அதுல எனக்கும் இடம் இருந்துச்சு, நான்தான் ஏறல. எதுக்கு ஏறலைங்கிறதை யாருகிட்டயாவது சொன்னாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும். ஊர்ல சொல்ல முடியாது. ஊரே அந்தப் பக்கம்.

எந்தப் பக்கமா? பி.டி. டீச்சர் பக்கம்.

பொறாமையில பேசுறேன்னு எண்ணிராதீங்க. பொறாமைப்பட எனக்கு என்ன குறை? இந்த மாடல் வருஷா வருஷம் முதல் பரிசு வாங்குது. எச்.எம். ரூமுல போய்ப் பாருங்க, பீரோ மேல கேடயமா அடுக்கியிருக்கும். அம்புட்டும் நான் வாங்கினது. எங்க ஊர்ல தண்ணி விழிப்புணர்வுன்னு ஒண்ணு வந்துச்சுன்னா அது என்னாலதான். உலக தண்ணீர் தினத்தன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல இருந்து பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஊர்வலம் நடத்துவேன். பிள்ளைக கையில அட்டை, எல்லாம் நான் எழுதின வாசகம். போன தடவை வெயில் கடுமை, புழுதி கிளம்பிப் பிள்ளைக இருமக்கூடாதுன்னு ரோடு பூராவும் லாரியில தண்ணி தெளிச்சு வச்சிருந்தேன். அந்த அளவுக்குப் பாத்துப் பாத்துச் செய்வேன். சனங்க கடை வாசல்ல நின்னு கைதட்டுவாங்க.

பழைய மாணவர்களெல்லாம் சேந்து பள்ளிக்கூட வாசல்ல எனக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வச்சாங்க. 'மழைநீர் நாயகன்'னு பெருசா போட்டு, கீழ என் போட்டோ. வாசகம் நான்தான் எழுதிக் குடுத்தேன். பயலுக தப்பும் தவறுமா அடிச்சிட்டா யாருக்கு அசிங்கம்?

இப்படி மரியாதையா ஓடிக்கிட்டு இருந்த வண்டி அண்ணாச்சி. போன ஜூன்ல தமயந்தின்னு ஒரு பி.டி. டீச்சர் மாறுதல்ல வந்தாங்க. வந்தாங்களா, பிள்ளைகளுக்கு விசில் ஊதினோமா, கோகோ சொல்லிக் குடுத்தோமான்னு இருக்கணுமா இல்லையா? வந்த அன்னைக்கே பள்ளிக்கூடத்தைச் சுத்திப் பாத்துட்டு என்கிட்ட வந்து நிக்கிறாங்க.

"சார், மொட்டை மாடியில இருந்து வர்ற மழைத்தண்ணிக் குழாய் பாதிச் சுவத்துல நிக்குதே, கீழ்ப்பாதி எங்க சார்?"

எங்க இருக்கு? இந்தா இருக்கு. உங்க முழங்காலை இடிச்சதே, இதான் அது. போன வருஷம் மாடலைப் பெருசாக்கினேன். வானம் உசரத்துல இருந்தாத்தான மழை மழை மாதிரி இருக்கும்? அதுக்கு நல்ல கனமான குழாய் வேணும். பள்ளிக்கூடத்துலயே இருக்கிறப்ப புதுசு எதுக்கு வாங்கணும்னு கழட்டிக்கிட்டேன். இதுல என்ன தப்பு? ஸ்டாக் பொறுப்பு என்கிட்டதான் இருக்கு. "மாடல்ல இருக்கு டீச்சர்"ன்னு சொன்னேன். அந்தம்மா என்னையே பாத்தாங்க. அந்தப் பார்வைதான் அண்ணாச்சி, இன்னும் எனக்கு உறுத்துது.

நீங்களே நியாயம் சொல்லுங்க. எங்க ஊர்ல மழை எத்தனை தடவை பெய்யுது? பெய்ஞ்சா உண்டு, இல்லாட்டி இல்லை. கண்காட்சி அப்படியா? வருஷா வருஷம் தவறாம வருது. ரெண்டுல எதுக்குக் குழாய் முக்கியம்?

சரி, அதோட விட்டாங்களா? இல்ல. விளையாட்டுச் சாமான் ரூமுல குண்டு எறியிற இரும்புக் குண்டு ஒண்ணு துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. அதைக் கயித்துல கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, சனிக்கிழமை சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுக் கிணறு கிணறா போறாங்க. குண்டை உள்ள விடுறது, தொபுக்குன்னு சத்தம் கேட்டா கயித்தைப் பிடிச்சு முடிச்சை எண்ணுறது. இவ்வளவுதான் அண்ணாச்சி. இதுல என்ன சயின்ஸ் இருக்கு? ஒரு ஃபார்முலா உண்டா? ஒரு படம் உண்டா? பாகம் குறிச்சிருக்கா?

ஆனா பிள்ளைக பின்னாலயே ஓடுதுக. சகாயமேரின்னு ஒரு பிள்ளை, ஒன்பதாவது. என் மாடல் பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ற பிள்ளை அதுதான். அப்படியே மனப்பாடமா, மூச்சு விடாம, கையை இங்க நீட்டி அங்க நீட்டி ஒப்பிக்கும். நடுவரெல்லாம் அசந்து போவாங்க. அந்தப் பிள்ளை இந்தத் தடவை என்கிட்ட வந்து, "சார், நான் டீச்சரோட போறேன் சார்"ங்குது. ஏம்மான்னு கேட்டா, "மாடல்ல எப்பவும் ஒரே தண்ணிதான் சார் சுத்துது. கிணத்துல வாரா வாரம் மாறுது"ங்குது. எப்படிப் பேச்சு பாருங்க. நான் சொல்லிக்குடுத்து வளந்த நாக்கு.

அளந்ததைப் பேசாம வச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. ரேஷன் கடைக்கு எதிர்ல பஞ்சாயத்துச் சுவரு ஒண்ணு இருக்கு. அதுல சுண்ணாம்பு அடிச்சு, ஒவ்வொரு கிணத்துக்கும் ஒரு நீளக் கட்டம் வரைஞ்சு, தண்ணி எம்புட்டு நிக்குதோ அம்புட்டுக்கு நீலம் பூசி, மேல கிணத்துக்காரர் பேரை எழுதிட்டாங்க. கபடி மேட்சுக்கு ஸ்கோர் போடுற மாதிரி. பி.டி. டீச்சருக்கு வேற என்ன தோணும்? ஊர் சனம் அரிசிக்கு வரிசையில நிக்கிறப்ப வேற வேலை என்ன, அதைத்தான் பாத்துக்கிட்டு நிக்கும். உன் கிணறு ஏறிருக்கு, என் கிணறு இறங்கிருக்குன்னு ஒரே பேச்சு. பொம்பளைகளெல்லாம் வீட்டுக்குப் போயி, "ஏன் நம்மளது மட்டும் கீழ கிடக்கு, மோட்டாரை எந்நேரமும் ஓட விட்டா இருக்குமா"ன்னு புருஷன்காரனைப் பிடிச்சு உலுக்குறாங்க.

நான் எத்தனை வருஷமா நோட்டீஸ் போர்டுல எழுதிப் போட்டிருக்கேன், 'நிலத்தடி நீர் அனைவருக்கும் பொதுச் சொத்து'ன்னு? அழகான கையெழுத்து, கலர் சாக்பீஸ். ஒருத்தன் நின்னு வாசிச்சிருப்பானா? இவங்க பேரு எழுதின சுவத்தை மட்டும் வாயைப் பிளந்துக்கிட்டுப் பாக்குறாங்க.

இதைக்கூடத் தாங்கிக்கிடுவேன். வீட்டுக்குள்ள வந்துட்டாங்க அண்ணாச்சி. அதைத்தான் தாங்க முடியல.

என் வீட்டுக்காரி பேரு மங்கை. கல்யாணமான நாள்ல இருந்து சொல்றேன், பாத்திரம் கழுவுற தண்ணியை வாய்க்கால்ல விடாத, வாழைக்குத் திருப்பி விடுன்னு. ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டா. திடீர்னு ஒரு நாள் பாக்குறேன், தண்ணி வாழைக்கு ஓடுது. மனசு குளுந்து போச்சு எனக்கு. "பரவாயில்லையே, நான் சொன்னதைக் கேட்டுட்டியே"ன்னேன். "நீங்க எப்பச் சொன்னீக? டீச்சர்லா சொன்னாக"ங்குறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? சோத்துல கையை வச்சவன் அப்படியே எந்திரிச்சுட்டேன்.

அப்புறம் எடுத்ததுக்கெல்லாம் டீச்சர் சொன்னாகதான். டீச்சர் சொன்னாக, குழாயைத் திறந்து போட்டுட்டுப் பல் தேய்க்காதீக. டீச்சர் சொன்னாக, பைக்கைக் கழுவ வாளி போதும். சனிக்கிழமையானா கொசுவத்தைச் சொருகிக்கிட்டுப் பிள்ளைகளோட கிளம்பிருவா, கயித்தைப் பிடிக்கிறது இவதான். ராத்திரி சோறு போடுறப்ப எந்தக் கிணத்துல எத்தனை முடிச்சுன்னு கதை சொல்லுவா, முகமெல்லாம் சிரிப்பா. என் மாடலை இது வரைக்கும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கண்காட்சிக்கு வந்து பாத்திருப்பாளா? "நம்ம வீட்டு ஸ்பாஞ்சைக் காணோமே"ன்னு தேடினதுதான் என் மாடல்ல அவ காட்டுன அக்கறை. எனக்கு வயிறு எரியுது அண்ணாச்சி. எரியலைன்னு சொன்னா அது பொய்.

இன்னும் கேளுங்க. அந்தம்மா வாடகைக்கு வந்தது எங்க தெரியுமா? என் பக்கத்து வீடு. ரெண்டு வீட்டுக்கும் பின்னால கிணறு, நடுவுல ஒரு காம்பவுண்டுச் சுவரு. அவங்க கிணத்துல மோட்டார் கிடையாது, வாளியில இறைக்கிறாங்க. கேட்டா உடம்புக்கு நல்லதாம். என் கிணத்துல மோட்டார். மாடலுக்கு ட்ரையல் பாக்கணும், பைக் கழுவணும், வாசலுக்குத் தெளிக்கணும், கொஞ்சம் ஓடத்தான் செய்யும். அந்த ரேஷன் கடைச் சுவத்துல போய்ப் பாத்தா, கடைசியில, எல்லாத்துக்கும் கடைசியில, அடியில ஒரு விரக்கடை நீலம். மேல, 'சோலையப்பன் சார் கிணறு.' பக்கத்துக் கட்டம் அந்தம்மா கிணறு, நல்லா மேல நிக்குது.

டீக்கடையில மூக்கையான்னு ஒருத்தரு. அவரும் அவரு தம்பி இருளப்பனும் பக்கத்துப் பக்கத்துக் காட்டுக்காரங்க, ஆளுக்கொரு கிணறு, ஆளுக்கொரு மோட்டார், ரெண்டு பேருக்கும் ஆகாது. அந்த மூக்கையா எல்லார் முன்னாலயும் கேக்கிறாரு, "என்ன சார், மழைநீர் நாயகன் கிணறு ரிசல்ட்ல ஃபெயில் போலருக்கே?" கடையே சிரிக்குது. என் முகத்துல ஈயாடல.

அன்னைக்கு முடிவு பண்ணேன். ஒரு சனிக்கிழமையாவது அந்தச் சுவத்துல என் பேருதான் உச்சியில நிக்கணும்.

மழை இல்ல, என்ன செய்ய? வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். மங்கை மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தா. அந்தம்மா பள்ளிக்கூடத்துல. தண்ணி லாரிக்குச் சொல்லி வரவச்சு, ஹோஸைப் போட்டு, லாரித் தண்ணி மொத்தத்தையும் என் கிணத்துக்குள்ள இறக்கினேன். சிரிக்கிறீங்களா? டிரைவரும் சிரிச்சான். "சார், கிணத்துல இருந்துதான் லாரிக்கு எடுப்பாங்க. லாரியில இருந்து கிணத்துக்கு விடுறதை இப்பத்தான் பாக்குறேன்"ன்னான். உன் வேலையைப் பாருடான்னு சொல்லிட்டேன். இறக்கி முடிச்சதும் எட்டிப் பாத்தேன். அடேங்கப்பா, தண்ணி ஆள் உசரத்துக்கு எந்திரிச்சு நின்னுச்சு. என் முகம் அதுல தெரிஞ்சுச்சு. நிம்மதியா வந்து காப்பி போட்டுக் குடிச்சேன்.

மறுநாள் காலையில பிள்ளைக வந்தாங்க, மங்கை வந்தா, அந்தம்மா வந்தாங்க. மூக்கையா, இருளப்பன்னு சுவத்துல பேரு இருக்கிற நாலஞ்சு பேரும் வேடிக்கை பாக்கக் கூடவே வந்துட்டாங்க. நான் கையைக் கட்டிக்கிட்டுக் கிணத்து மேட்டுல நிக்கிறேன். குண்டை விட்டாங்க. போகுது, போகுது, சத்தத்தையே காணோம். கடைசியில தொபுக்குன்னுச்சு. சகாயமேரி முடிச்சை எண்ணிட்டு, "சார் கிணறு கொஞ்சூண்டு ஏறிருக்கு டீச்சர்"ங்குது. கொஞ்சூண்டா? ஒரு லாரித் தண்ணி அண்ணாச்சி! ராத்திரியோட ராத்திரியா எங்க போச்சு?

சுவத்தைத் தாண்டிப் பக்கத்துக் கிணத்துல போய் விட்டாங்க. எண்ணிட்டுப் பிள்ளை கத்துது, "டீச்சர், உங்க கிணறு ஒரு சாண் ஏறிருக்கு!"

என் தண்ணி. நான் காசு குடுத்து வாங்கின தண்ணி. அந்தம்மா கிணத்துல போய் நிக்குது. எனக்கு அழுகையே வந்துருச்சு. இது எந்த ஊரு நியாயம்? அவனவன் தண்ணி அவனவன் எல்லைக்குள்ள இருக்கணுமா வேண்டாமா? சுவரு எதுக்குக் கட்டியிருக்கு?

நோட்டீஸ் போர்டா? ஆமா, பொதுச் சொத்துன்னு எழுதினது நான்தான். அது பாடத்துக்கு அண்ணாச்சி. இது என் கிணறு.

எல்லாரும் மலைச்சுப் போய் நிக்கிறாங்க. மழையே இல்லாம எப்படி ஏறும்? அந்தம்மா என் பக்கம் திரும்பி, "சார், நீங்க சயின்ஸ் டீச்சர். நீங்க சொல்லுங்க"ங்குறாங்க. அப்பப் பாத்து ஒரு பொடிசு, "சார், நேத்து உங்க வீட்டுக்குத் தண்ணி லாரி வந்துச்சே"ங்குது. மண்ணுல டயர் தடம் வேற அப்படியே கிடக்கு. மூக்கையா ஹோஸ் கிடந்த இடத்தைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. மங்கை தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அந்த ஒரு நிமிஷம் பூமி பிளந்து என்னை உள்ள இழுத்துக்கிடாதான்னு இருந்துச்சு.

அப்ப அந்தம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? சட்டுனு பிள்ளைகளைப் பாத்து, "புரியுதா? சார் நமக்காக ஒரு சோதனை பண்ணிக் காட்டியிருக்காங்க. சொல்லிட்டுச் செஞ்சா நீங்க கவனிக்க மாட்டீங்கன்னுதான் சொல்லாம செஞ்சிருக்காங்க. இந்தக் கிணத்துல ஊத்தின தண்ணி அந்தக் கிணத்துக்கு எப்படிப் போச்சு? இதே மாதிரி ஒரு கிணத்துல மோட்டாரைப் போட்டு உறிஞ்சினா பக்கத்துக் கிணறு என்ன ஆகும்?"ன்னு கேட்டாங்க. பிள்ளைக நான் நீன்னு பதில் சொல்லுதுக. இருளப்பன் அண்ணன்காரரைத் திரும்பிப் பாக்குறாரு. "அப்ப நீ போடுறப்பல்லாம் என்னது இறங்குறது இதுனாலதானா?"ங்குறாரு. மூக்கையா, "நீ போடுறப்ப என்னது மட்டும் ஏறவா செய்யுது"ங்குறாரு. அங்கனயே நின்னு சண்டை போட்டு, அங்கனயே நின்னு பேசி முடிச்சு, இப்ப ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் போடுறாங்க. ரெண்டு பேரு கட்டமும் சுவத்துல ஏறிக்கிட்டு வருது.

"சோதனைதான சார்?"ன்னு அந்தம்மா என்கிட்டயும் கேட்டாங்க. நான் தலையை ஆட்டினேன். வேற என்ன செய்ய? பெரிய ஆளு அண்ணாச்சி. என்னைக் காப்பாத்துற மாதிரி காப்பாத்தி, ஊரே பாக்க என்னைச் சின்னதாக்கிட்டாங்க. திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். நல்லவங்களா இருந்துட்டாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல.

அதோட போச்சான்னா, போகல. இந்த வருஷக் கண்காட்சிக்கு அவங்களும் ஒண்ணு கொண்டுபோறாங்க. ரெண்டு கண்ணாடித் தொட்டி, நடுவுல மணல். ஒண்ணுல ஊத்தினா இன்னொண்ணுல ஏறும். அதுக்கு மேல அட்டையில பிள்ளைக எழுதி வச்சிருக்கிற தலைப்பைக் கேளுங்க: 'சோலையப்பன் சார் சோதனை.' எச்.எம்.மோ, "உங்க பேரையே வச்சுட்டாங்களே, சந்தோஷமா"ன்னு கேக்கிறாரு. சந்தோஷமா? என் மானத்தைக் கண்ணாடித் தொட்டியில போட்டுக் காட்டப் போறாங்க, அதே வேன்ல நானும் பல்லை இளிச்சுக்கிட்டுப் போகணுமா? அதான் ஏறல. என் மாடலோட நான் தனியா போய்க்கிடுறேன்னு பஸ் ஏறிட்டேன்.

நேத்துச் சாயங்காலங்கூட விடல அந்தம்மா. பள்ளிக்கூடத்துல அந்தப் பாதிக் குழாய்க்குக் கீழ பிள்ளைக குழி தோண்டி, சரளை, கரி, மணல்னு அடுக்கி வச்சிருக்காங்க. குழி தயாரு, குழாய்தான் பாக்கி. "சார், ஐப்பசி பொறந்துருச்சு. மழை எப்பன்னாலும் வரும். குழாயைத் தந்துட்டுப் போனீங்கன்னா மாட்டிருவோம்"ன்னாங்க. கண்காட்சி முடிஞ்சு தர்றேன்னேன். புதுசு வாங்கிக்கிடுறேன்னாங்க. ஸ்டாக்ல ஒரு குழாய் இருக்கிறப்ப புதுசு வாங்கினா ஆடிட்ல கேப்பாங்கன்னு எச்.எம். கிட்டச் சொல்லி நிப்பாட்டிட்டேன். ஒரு நாளுதான? ஒரு நாளைக்குள்ள மழை வந்து கொட்டிருமா?

இருங்க, போன் அடிக்குது. மங்கைதான். இன்னைக்குச் சனிக்கிழமைல்லா, டீச்சர் இல்லாததால மிச்சப் பிள்ளைகளை வச்சுக்கிட்டு இவதான் கயித்தோட நிக்கிறா.

சொல்லு... பஸ்ஸுல... என்னது? சத்தமா சொல்லு, என்ன அங்க ஒரே இரைச்சல்? ... மழையா? ... எப்பல இருந்து? ... அடிச்சு ஊத்துதா? ... சரி... சரி... என்ன? என் பேனரையா? யாரு அவுத்தா? ... நீயா?

அண்ணாச்சி, இதைக் கேளுங்க. ஊர்ல பேய் மழையாம். மாடித் தண்ணி பாதிக் குழாய் வழியா தரையில விழுந்து ரோட்டுக்கு ஓடியிருக்கு, குழிக்குள்ள ஒரு சொட்டு இறங்கல. இவ என்ன பண்ணியிருக்கா, வாசல்ல கட்டியிருந்த என் ஃப்ளெக்ஸை அவுத்து, நீளவாக்குல வாய்க்கா மாதிரி மடிச்சு, ஒரு முனையைக் குழாய்ல கட்டியிருக்கா. மறுமுனையைப் பிள்ளைக குழிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நனைஞ்சுக்கிட்டு நிக்குதுகளாம். மாடித் தண்ணி மொத்தமும் என் மூஞ்சி மேல ஓடிக் குழிக்குள்ள போகுது.

ஏய், இருக்கியா? ... எம்புட்டு இறங்கிருக்கு? ... நிறையுதா? ... கரி மேல வரலையே? ... சரி. பிள்ளைக கை வலிக்கும், மாத்தி மாத்திப் பிடிக்கச் சொல்லு. ... எதுக்குச் சிரிக்கிற?

வச்சுட்டா. என்ன சொல்றா தெரியுமா? "உங்க படத்துக்கு இன்னைக்குத்தாங்க ஒரு உபயோகம் வந்துருக்கு"ங்குறா. சிரிக்கிறா அண்ணாச்சி. என்கிட்ட இப்படிச் சிரிச்சுப் பேசி எத்தனை காலமாச்சு.

இதை இப்படியே விடக்கூடாது. 'மழைநீர் நாயகன்' மேல தண்ணி ஓடுறதை ஊர் பாத்துச்சுன்னா என் கதி என்ன? பேனரை அவுத்து வைடின்னா, தண்ணிக்கு என்ன வழின்னு கேப்பா. அவ கேப்பா, நிச்சயமா கேப்பா. இந்தக் குழாயைக் கொண்டுபோய் மாட்டிட்டா? அப்பப் பேனரைத் தந்துதான ஆகணும்? அந்தம்மா சாயங்காலந்தான் திரும்பி வருவாங்க. அதுக்குள்ள மாட்டிரணும். அவங்க வந்து மாட்டினா அதுக்கும் அவங்க பேருதான், சுவத்துல அதையும் எழுதுவாங்க. நான் மாட்டணும். என் கையால மாட்டணும்.

கண்டக்டர்! ஆளு எறங்கணும்! நிப்பாட்டுங்க!

அண்ணாச்சி, அந்தக் கயித்தை அவுத்து விடுங்க, சீக்கிரம். ஆங், குழாய் வந்துருச்சு. இல்ல, மாடல் வேண்டாம், எதிர் பஸ்ஸைப் பிடிக்க ஓடணும். உங்க மடியிலேயே இருக்கட்டும். முடிஞ்சா விருதுநகர்ல கண்காட்சி நடக்கிற பள்ளிக்கூடத்துல குடுத்துருங்க, சோலையப்பன் சார் மாடல்னு சொன்னாத் தெரியும். குழாய் இல்லாம இதுல மழை பெய்யாது, பரவாயில்ல, சும்மா பாத்துக்கிடட்டும்.

அய்யய்யோ, இங்கயும் தூத்தல் போடுது. அண்ணாச்சி, ஜன்னலைச் சாத்துங்க, துண்டைப் போட்டு மூடுங்க. எறங்குறப்பவும் ஓரமா பாத்துக் கொண்டுபோங்க. அது மேல மட்டும் மழை படவே கூடாது. ஒரு தூத்தல் பட்டாலும் வீணாப் போயிரும்.